மூடிய சிப்பியின் விலை

மன்னார்த் தீவில், நகரை அடுத்து, கீரி என்றொரு கடற்கரைச் சிற்றூர் உண்டு. மாலைக் காற்று வாங்க வருவோருக்கு அது அழகிய மணற்பரப்பு. கடலை நம்பி வாழ்வோருக்கோ அதுவே வயல், அதுவே சந்தை. வள்ளம் கரையைத் தொட்டதும் மீன் நிறுக்கப்படுகிறது, விலை சொல்லப்படுகிறது. முன்பணம் வாங்கியவர் முன்பணம் தந்தவருக்கே, அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்கவேண்டும் என்பது இக்கரையோரமெங்கும் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கு. ஆகவே இங்கே பேரம் என்பது மீன் பிடிபட்ட பிறகு நடப்பதன்று. வலை வாங்கக் கைநீட்டிய அன்றே அது முடிந்துவிட்டது.

இன்று விற்பனை ஒரு கலையாகவும் ஒரு பாடமாகவும் போதிக்கப்படுகிறது. தயங்கி நிற்பவரை வாங்கவைப்பது எப்படி, பேரத்தை முடித்துக் கையொப்பம் பெறுவது எப்படி, ஒன்று வாங்க வந்தவரை மூன்று வாங்கச் செய்வது எப்படி என்பவற்றைக் கற்பிக்கும் நூல்களும் வகுப்புகளும் பெருகியுள்ளன. இக்கலையின் பிறப்பிடம் அமெரிக்கா என்பர். நேஷனல் காஷ் ரெஜிஸ்டர் கம்பனியை நடத்திய ஜான் பாட்டர்சன் என்பவர் 1887 அளவில் தம் விற்பனையாளர்கள் மனப்பாடம் செய்வதற்கென ஒரு சிறு நூலை ஆக்குவித்தார். அணுகுதல், எடுத்துரைத்தல், செய்து காட்டுதல், முடித்தல் என அந்நூல் விற்பனையை நான்கு படிகளாக வகுத்தது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பெயர் சூட்டியவரே தாயும் தந்தையும் ஆகிவிடுவதில்லை. பாட்டர்சனின் நூல் அச்சேறுவதற்கு நெடுங்காலம் முன்னரே, கீரியிலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவிலும் அதற்கு அப்பாலும், மன்னார்க் கடற்கரையில் இக்கலை முழு வளர்ச்சி பெற்றிருந்தது. அதனை அங்கு நடத்தியவர்களுள் தலையாய விற்பனையாளர் அரசாங்கமே என்பதுதான் நாம் இங்குக் கவனிக்க விரும்பும் செய்தி.

கீரியை விட்டு, தாம்போதியைக் கடந்து பெருநிலத்தை அடைந்து, தெற்கு நோக்கிச் சென்றால் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்று கரையோர ஊர்கள் தொடர்கின்றன. அவற்றுக்கு எதிரே கடலுக்குள் கிடப்பவையே புகழ்பெற்ற முத்துப்பார்கள். பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார் என்ற பெயர்களைச் சூட்டியவர்கள் அவற்றின் மேல் மூழ்கி எழுந்த மக்களே. இப்பார்களில் முத்துக்குளிப்பு நடைபெறும் காலத்தைச் சலாபம் என்பர்.

சலாபத்தின் வரலாறு பங்கு பிரித்த வரலாறேயாகும். எதிர்க்கரையிலிருந்த கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக்கொண்டு முத்துக்குளிப்பித்தனர் என்று கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பொன்று கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைப்பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறாவைக் கட்டும் மந்திரவாதிக்கு இருபதில் ஒரு பங்கும் சென்றன என்கிறார். 1344இல் இபுன் பதூதா யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டபோது, அரசன் முன்னிலையில் முத்துகள் குவிந்து கிடந்தன. பின்னர் போர்த்துக்கேயரும், 1658 முதல் ஒல்லாந்தரும் இக்கரையை ஆண்டனர். குளியாள் தன் காலில் கட்டி இறங்கும் கல்லைக் கணக்கிட்டு ஒல்லாந்தர் வரி வாங்கினர். ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின. கயிற்றைப் பற்றிக்கொண்டு, கல்லோடு கல்லாக ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம் இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சை அடக்கிச் சிப்பியை வாரிக்கொண்டு எழுந்தவன் மட்டும் மாறவில்லை.

ஆங்கிலேயர் இக்கரையைக் கைப்பற்றிய உடனே 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அடுத்தடுத்துச் சலாபம் நடத்தினர். முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் இத்தொழிலைத் தம் கண்முன்னே நடத்துவிப்பதற்காக அரிப்பில் கடலைப் பார்த்தபடி ஒரு மாளிகையே எழுப்பினார். இன்று அதன் இடிபாடுகள் மட்டுமே எஞ்சியுள்ளன. ஒரு தேசாதிபதி கடற்கரைக் காட்டில் மாளிகை எழுப்பினார் என்றால், அங்கே நடந்த வியாபாரத்தின் பருமன் எத்தகையது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி அவ்வியாபாரத்தின் உள்ளே நுழைவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறிச்சுக்கட்டியில் நடந்த சலாபங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றைப்பற்றிய குறிப்புகள் நிறைய உண்டு. பின்னாளில் ஏகாதிபத்தியத்தைக் கடுமையாகச் சாடிய எழுத்தாளராகிய லியோனார்ட் உல்ஃப், 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளம் சிவில் உத்தியோகத்தராகக் கடமையாற்றினார். 1961இல் வெளிவந்த தம் வாழ்க்கை நினைவு நூலில் அதனை விரித்துரைத்துள்ளார்.

சலாபம் கூடுவதற்கு முன்னரே விற்பனை தொடங்கிவிடும். முதல் ஆண்டின் இறுதியில் அரசாங்கத்தார் பார்களைச் சோதித்து, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பிப்பர். அவற்றிலிருந்து கழுவி எடுத்த முத்துகளை வல்லுநர் மதிப்பிடுவர். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் பெறுமதி என்ற கணக்கு வர்த்தமானியில் வெளியாகும். அறிவித்தல்கள் கீழைநாட்டுத் துறைமுகங்கள் பலவற்றுக்கும் செல்லும். இதனை ஒரு நேர்மையான அறிவிப்பு என்றே சொல்லலாம். ஆனால் மாதிரியில் கண்ட முத்து, வாங்குபவன் கையில் வரப்போகும் முத்தன்று. மாதிரி என்பது சராசரி. வாங்குபவன் தேடி வருவதோ சராசரியை அன்று, அதனை மிஞ்சும் ஒரேயொரு ஆணிமுத்தை. அறிவித்தலில் எழுதப்பட்டிருந்தது கணக்கு. படித்தவர் மனத்தில் பதிந்தது கனவு. விற்பனைக் கலையின் முதற்படி இதுவன்றோ?

அறிவித்தல் கேட்டு மக்கள் திரள்வர். ஆண்டின் பெரும்பகுதியும் முள்மரமும் மணலுமாகக் கிடக்கும் இடத்தில், சில கிழமைகளுக்குள் முப்பது, நாற்பது ஆயிரம் பேர் வாழும் ஓலைப் பட்டினம் ஒன்று எழும்பும். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்தார், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாட்கள், செட்டிமார், மரைக்காயர், பம்பாய் வணிகர் எனப் பலரும் அங்கே கூடுவர். 1905ஆம் ஆண்டுச் சலாபமே இவற்றுள் மிகப் பெரியது. 300க்கு மேற்பட்ட வள்ளங்களும் 5,000 அளவிலான குளியாட்களும் கடலில் இறங்கினர். எடுக்கப்பட்ட சிப்பிகள் 8 கோடி அளவின. அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் 25 இலட்சம் ரூபாய் அளவினது.

பிற்பகலில் வள்ளங்கள் கரை திரும்பும். குளியாட்கள் தாம் எடுத்த சிப்பிகளைச் சுமந்துகொண்டு, கொட்டு எனப்பட்ட பெரிய ஓலைக் கொட்டகைக்குள் செல்லவேண்டும். அங்கே ஒவ்வொரு வள்ளத்தின் சிப்பியும் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்படும். இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு, ஒன்று குளியாளுக்கு. முந்திய நூற்றாண்டில் குளியாளுக்குக் கிடைத்தது நாலில் ஒன்றுதான். மூன்றில் ஒன்றாக உயர்ந்த அந்தப் பங்கிலும் கயிறு பிடித்தவருக்கும் வள்ளத்தின் சம்மாட்டிக்கும் உரியதைக் கொடுத்த பிறகே எஞ்சியது அவனுடையதாகும்.

அரசாங்கத்தின் குவியல்கள் அன்றிரவே ஏலத்துக்கு வரும். விற்கப்பட்டது முத்தன்று, மூடிய சிப்பி. பெரும்பாலான சிப்பிகளில் விலைபெறும் முத்து எதுவும் இராது. சிலவற்றில் பொடிமுத்து இருக்கும். மிகச் சிலவற்றிலேயே பெயர் சொல்லத்தக்கது இருக்கும். எந்தச் சிப்பியில் எது இருக்கிறது என்பதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். இருவரும் ஒருங்கே அறியாதபோது பேரம் சமமானதுதானே என்று வாசகர் கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கோடிக்கணக்கில் விற்பவருக்கு ஒவ்வொரு சிப்பியின் உள்ளும் என்ன இருந்தாலென்ன? அவருக்குச் சராசரி கிடைத்தே தீரும். சில ஆயிரம் மட்டும் வாங்குபவருக்கோ சராசரி என்பது ஒரு வெறுஞ்சொல். விற்பவர் நடத்துவது வியாபாரம். வாங்குபவர் ஆடுவது சூதாட்டம். இரண்டும் ஒரே மேசையில், ஒரே விலையில் நடக்கின்றன.

அரசாங்கம் தானே சிப்பியைத் திறந்து முத்தை விற்றிருக்கலாகாதா? விற்றிருக்கலாம். ஆனால் சிப்பியை அழுகவிட்டு, கழுவி, முத்தை வேறாக்க ஒரு கிழமைக்கு மேலாகும். அந்த நாற்றத்தையும் ஈக்கூட்டத்தையும், களவையும், நட்டம் வரக்கூடிய வாய்ப்பையும் அரசாங்கமே ஏற்கவேண்டிவரும். மூடியபடி விற்றால் இவையனைத்தும் வாங்கியவன் தலையில் விழும். பணம் மட்டும் அன்றிரவே திறைசேரிக்குச் சேரும். பொருளோடு சேர்த்து ஆபத்தையும் விற்றுவிடும் இம்முறையைவிட ஆதாயமான விற்பனை வேறில்லை.

ஏலம் நடந்த விதமும் கருதத்தக்கது. விலை ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று கேட்கப்படும். உச்ச விலை கேட்டவர் அந்த விலைக்குத் தாம் விரும்பிய அளவு, எத்தனை ஆயிரமானாலும், எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் மீதிக்கு மறுபடியும் ஏலம் தொடங்கும். இதன் உட்பொருளைச் சற்று எண்ணிப்பார்ப்போம். போட்டியில் வென்றவன் வென்ற மகிழ்ச்சியோடு நிற்கிறான். சுற்றிலும் நூற்றுக்கணக்கான கண்கள் அவனைப் பார்க்கின்றன. 'எத்தனை ஆயிரம் வேண்டும்?' என்ற கேள்வி அந்தக் கணத்தில் வருகிறது. இரண்டாயிரம் வாங்க எண்ணி வந்தவன் ஐயாயிரம் என்கிறான். குறைவாகச் சொன்னால் துணிவில்லாதவன் என்று பேர். விட்டால் அடுத்த ஏலத்தில் விலை ஏறிவிடும் என்ற அச்சம். நாளைக்கு யோசித்துச் சொல்கிறேன் என்பதற்கும் வழியில்லை. ஏனெனில் நாளைப் பிற்பகலில் புதிய குவியல்கள் வந்து சேரும். இன்றைய சிப்பி இன்றிரவே போயாகவேண்டும். அவசரம், போட்டி, பலர் முன்னிலை, ஒன்றுக்குமேல் ஒன்றாக ஏற்றுதல் ஆகிய இவையே இன்று வகுப்புகளில் கற்பிக்கப்படும் நான்கு தந்திரங்கள். மறிச்சுக்கட்டியில் அவை தந்திரங்களாகக்கூட இல்லை; ஏல விதிகளாகவே இருந்தன.

கொட்டுக்கு வெளியே இன்னொரு சந்தை நடந்தது. குளியாட்கள் தம் பங்குச் சிப்பிகளைச் சிறு சிறு தொகையாக விற்றனர். பெரிய ஏலத்தில் வாய் திறக்க இயலாத சிறுவியாபாரி, சமையற்காரன், கூலி, வேடிக்கை பார்க்க வந்தவன் ஆகியோரே அங்கு வாங்கினர். சில சிப்பிகளை வாங்கி அங்கேயே கத்தியால் பிளந்து பார்ப்பார்கள். ஒன்றும் இராது. மறுபடியும் வாங்குவார்கள். யாரோ ஒருவனுக்கு முத்து அகப்பட்டது என்ற செய்தி கடைத்தெருவெங்கும் பரவும். அகப்படாத ஆயிரம் பேரைப்பற்றி எவரும் பேசார். வென்றவன் கதையை விளம்பரமாக்குவதும் தோற்றவர் கணக்கை மறைப்பதும் இன்றும் அதிர்ஷ்டலாபச் சீட்டு முதல் பங்குச் சந்தைவரை நடப்பவையே.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. உயிரைப் பணயம் வைத்துச் சிப்பியை எடுத்த குளியாள் அதனைத் திறக்காமலே ஏன் விற்றான்? அவனால் காத்திருக்க முடியவில்லை. சாப்பாட்டுக்கும், வள்ளத்துக்கும், ஊரில் விட்டுவந்த குடும்பத்துக்கும் அவன் முன்னரே கடன் வாங்கியிருந்தான். கடன்பட்டவனுக்கு நாளைய ஆணிமுத்தைவிட இன்றைய ரூபாய் பெரிது. முத்துப் பிறக்கும் கடலை விரல்நுனியில் அறிந்தவன், முத்து விற்கும் கரையில் ஏதும் அறியாதவனாகிறான். அறிவு அவனிடம் இருந்தது, அவகாசம் இல்லை. பேரத்தில் தோற்பவன் அறிவற்றவன் என்று பொதுவாக நாம் நினைக்கிறோம். உண்மையில் தோற்பவன் காத்திருக்க முடியாதவனே.

சிப்பியிலிருந்து முத்து வெளிவந்த பின்னரும் மறைப்பு ஓயவில்லை. சிறு துளைகளிட்ட பித்தளைச் சல்லடைகளில் முத்துகளை அரித்துப் பருமனால் பிரிப்பர். ஆணி முதல் தூள்வரை நிறத்தாலும் உருவாலும் ஒளியாலும் வகுப்பர். அவ்வளவு நுணுக்கமான கலை அது. அதனைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் விலை பேசும் முறை வேறு. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவில் இரத்தின வணிகத்தைக் கண்ட பிரெஞ்சுக்காரர் தாவர்னியே அதனை எழுதிவைத்திருக்கிறார். வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே அமர்ந்து, துணியால் மூடிய கைகளைப் பற்றிக்கொள்வர். முழுக்கையைப் பிடித்தால் ஆயிரம், ஒரு விரலைப் பிடித்தால் நூறு, பாதி விரல் ஐம்பது, விரல்நுனி பத்து. ஒரு சொல்லும் வெளிவராது. சூழ நிற்பவர் எவருக்கும் விலை தெரியாது. வணிகர்க்குள் நடக்கும்போது இது மதிப்பான நாகரிகம். சந்தை விலை அறியாத சிறியவன் ஒருவன் முத்தைக் கொண்டுவந்து நிற்கும்போதோ, அத்துணி அவன் கண்ணைக் கட்டிய துணியாகிவிடுகிறது. ஏலத்தில் கூச்சல் எந்தப் பயனைத் தந்ததோ, அதே பயனை இங்கே மௌனம் தந்தது.

மூடிய சிப்பியை ஏழைகள் மட்டுமே வாங்கினர் என்று எண்ணலாகாது. மிகப் பெரிய மூடிய சிப்பியை வாங்கியவர்கள் இலண்டன் முதலாளிகள். 1905இன் பெரும் வருமானம் ஐரோப்பாவின் கண்ணை மயக்கியது. அதற்குச் சற்று முன்னர், 1902இல், விலங்கியற் பேராசிரியர் ஹேர்ட்மன் இலங்கை வந்து பார்களை ஆராய்ந்திருந்தார். இளஞ்சிப்பிகளை நல்ல பார்களுக்குப் பெயர்த்து வளர்த்தால் முத்துக்குளிப்பை ஒழுங்கான தொழிலாக்கலாம் என்ற நம்பிக்கையை ஆராய்ச்சி தந்தது. 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியான அவர் அறிக்கை மதிப்புமிக்க விஞ்ஞான நூல். ஆனால் விஞ்ஞானி 'ஆகலாம்' என்று எழுதியதைச் சந்தை 'ஆகும்' என்று படித்தது. 1906இல் இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்ற பெயரில் இலண்டனில் எழுந்த கம்பனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகைக்கு இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகை எடுத்தது. பங்குகள் விலைபோயின.

இப்பார்களின் குணம் அதற்கு முன்பே எல்லோரும் அறிந்ததுதான். 1891க்குப் பிறகு 1903வரை ஒரு சலாபமும் நடக்கவில்லை. அதற்கு முன்பும் 1838 முதல் 1854வரை பார்கள் வெறுமையாகவே கிடந்தன. கடலடி நீரோட்டமும் மணலும் சிப்பி தின்னும் மீன்களும் ஒரு தலைமுறைச் சிப்பியையே அழித்துவிடக் கூடியவை. இத்தனையும் தெரிந்திருந்தும், மிகச் சிறந்த ஓர் ஆண்டின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகள் விற்கப்பட்டன, வாங்கவும்பட்டன. 1907க்குப் பின் பார்களில் சிப்பி இல்லை. 1912க்குள் கம்பனி கலைந்தது. பழைய முறையிலான சலாபம் 1925இல் கூடியதே கடைசி. ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893இல் தொடங்கிவைத்த வளர்ப்பு முத்து இதற்குள் உலகச் சந்தையை எட்டியிருந்தது. இயற்கை முத்தின் விலையும் சரிந்தது.

ஆயினும் இவ்விரு தோல்விகளும் ஒன்றல்ல. இலண்டன் பங்குதாரர் இழந்தது முதலில் ஒரு பகுதி. கொட்டுக்கு வெளியே சிப்பி வாங்கித் தோற்ற கூலி இழந்தது அம்மாதத்துச் சோறு. கம்பனி கலைந்தபோது சட்டம் பங்குதாரர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அவர் பொறுப்பு பங்கின் அளவோடு முடிந்தது. கடன்பட்ட குளியாளின் பொறுப்புக்கோ அவன் மூச்சைத் தவிர வேறெல்லை இருக்கவில்லை.

சலாபம் முடிந்தது, மூடிய சிப்பியின் வியாபாரம் முடியவில்லை. அது வேறு உருக்கொண்டது. அமெரிக்கத் தையல் இயந்திரக் கம்பனியாகிய சிங்கர் 1856 அளவில் தவணை முறையை ஆரம்பித்தது. 1877இல் இலங்கைக்கும் வந்தது. தவணை முறை தன்னளவில் தீயதன்று. ஒரே நாளில் பெரும்பணம் திரட்ட இயலாத எத்தனையோ குடும்பப் பெண்கள் தவணையில் தையல் இயந்திரம் வாங்கி, அதனாலேயே பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறார்கள். இயந்திரம் கண்முன்னே இருக்கிறது. அது உழைத்துக் கடனை அடைக்கிறது. தீமை எங்கே தொடங்குகிறதென்றால், பொருள் பின்னால் ஒதுங்கிக் கடனே விற்பனைப் பொருளாகும் இடத்தில்தான்.

2009இல் போர் முடிந்ததும் மன்னார் உட்பட வடக்கு எங்கும் அந்தக் காட்சியை நாம் கண்டோம். வீட்டையும் வள்ளத்தையும் வலையையும் இழந்து திரும்பிய மக்கள், காத்திருக்க முடியாதவர்களாக நின்றனர். அவர்கள் வாசலுக்கு வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வந்தன. மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் முதலில் சிறுதொகை கட்டினால் வீடு வந்து சேர்ந்தன. பெண்களுக்குக் குழுக்கடன் வழங்கப்பட்டது. பிணை கேட்கவில்லை என்றார்கள். ஆனால் ஒருத்திக்கு மற்றவர்கள் பிணை. ஒருத்தி ஒரு கிழமை கட்டத் தவறினால் கடன்காரன் குரலை உயர்த்தவேண்டியதில்லை. அயல்வீட்டுப் பெண்ணே கேட்பாள். பலர் முன்னிலையில் விலை கேட்கவைத்த கொட்டின் தந்திரம், இங்கே பலர் முன்னிலையில் கடனைக் கட்டவைக்கும் தந்திரமாக மாறியது. பாதிக் கடன் அடைந்ததும், 'நீங்கள் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள், இன்னும் பெரிய தொகை தரலாம்' என்பார்கள். பழைய மீதியைக் கழித்துக்கொண்டு புதிய கடன் கைக்கு வரும். 'எத்தனை ஆயிரம் வேண்டும்?' என்ற பழைய ஏலக் கேள்வியே இது.

இதன் விளைவை 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி உலகறியச் சொன்னார். வட்டி 220 வீதம்வரை ஏறியிருந்ததையும், கடன் அறவிட வந்தோரால் பெண்கள் அவமதிக்கப்பட்டதையும் அவர் பதிவுசெய்தார். அதே ஆண்டில் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் தவணை தவறிய பெண்களின் ஓர் இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வட்டிக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. பெண்கள் கூடிக் கேட்டதனால் கிடைத்தவை இவை. போதியவை அல்ல, ஆயினும் கேட்காமல் கிடைத்திரா.

இங்கே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு பணி உண்டென்று நாம் கருதுகிறோம். ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொள்வோம். 50,000 ரூபாய் கடன். ஆண்டுக்கு 24 வீத வட்டி. பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி 12,000, ஆக மொத்தம் 62,000, மாதத்துக்கு ஏறத்தாழ 5,167 ரூபாய். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடன் வாங்கியவர் 50,000 ரூபாயை ஓராண்டு முழுவதும் கையில் வைத்திருக்கவில்லை. முதல் மாதமே திருப்பத் தொடங்கிவிட்டார். மாதந்தோறும் அவரிடம் உண்மையில் எஞ்சியிருந்த முதலைக் கணக்கிட்டால் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 27,000 ரூபாய்தான். அதற்கு 12,000 வட்டி என்றால் நாற்பது வீதத்துக்கு மேலாகிறது. விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. 24 என்றுதான் சொன்னார். சிப்பியைத் திறந்து காட்டவில்லை, அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தாய்க்கு இக்கணக்கைப் போட்டுக்காட்ட முடியுமானால், அந்தப் பள்ளிக்கூடம் தன் கடமையைச் செய்ததென்போம்.

எனினும் கணக்கு மட்டும் போதாது. குளியாள் அறியாமையால் தோற்கவில்லை, அவகாசமின்மையால் தோற்றான் என்று மேலே கண்டோம். அவகாசத்தைத் தருவது கூட்டுச் சேர்க்கையே. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இலங்கையில் நிறைவேறியது. ஆட்சியாளரின் சட்டமாக வந்தது, வடக்கில் மக்கள் இயக்கமாக வளர்ந்தது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் மன்னார்க் கரையிலும் வேரூன்றின. போரும் இடப்பெயர்வும் அவற்றைச் சிதைத்தன. அரசியல் தலையீடும் நிர்வாகச் சீர்கேடும் பல சங்கங்களைப் பெயரளவில் நிறுத்தின. இக்குறைகளை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆயினும் சங்கத்தின் தத்துவம் எளியது: வலைக்கு முன்பணம் சங்கம் தரும், விலை பலகையில் எழுதப்படும், வட்டி எல்லோர் முன்னிலையிலும் பேசப்படும். துணிக்குள் பிடித்த கையை வெளியே எடுத்துக் காட்டுவதே கூட்டுறவு.

விற்பனை தீது என்று நாம் கூறவில்லை. மீனைப் பிடித்தவர் விற்கவேண்டும், நெசவாளர் விற்கவேண்டும், நூலெழுதியவரும் விற்கவேண்டும். தன் பொருளின் நன்மையை எடுத்துச் சொல்லி விற்பவன் உழைப்பாளியே. வாங்குபவனுடைய அறியாமையையும் அவசரத்தையும் மூலதனமாக்கி விற்பவனே பிறர் உழைப்பை உண்பவன். இவ்விருவரையும் வேறுபிரித்தறிய ஓர் அளவுகோல் போதும்: வாங்குபவர் 'திறந்து காட்டுங்கள், நாளைக்கு வந்து சொல்கிறேன்' என்றால், அந்த வியாபாரம் நிற்குமா, நிற்காதா?

கீரிக் கரையில் இனி ஒரு மாலையில் நிற்க நேர்ந்தால், கடலை மட்டும் பார்க்கவேண்டாம். நிறுவைத் தராசையும், கடன் கொப்பியையும், அவற்றைப் பிடித்திருக்கும் கைகளையும் பார்ப்போம். அந்தக் கொப்பியை வாங்கிப் படித்து, கூட்டிக் கழித்துச் சொல்லத்தக்க ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் உருவாகும்வரை, மறிச்சுக்கட்டி ஏலம் ஓய்ந்துவிட்டது என்று எவரும் சொல்ல இயலாது.